ஆற்று நீரே சாட்சி சொல்லட்டும்!

ஆரணிப் பட்டை அறியாதார் இல்லை. மணமேடையிலே மின்னுகிறது, கடல் கடந்து வாழும் தமிழர் இல்லங்களிலும் பேழைக்குள்ளே பேணப்படுகிறது. புவிசார் குறியீடு என்னும் முத்திரையும் பெற்றுவிட்டது. ஆரணிச் சேலை என்ற பெயரை வேறொருவர் களவாடாமல் காக்கச் சட்டம் இருக்கிறது, பதிவு இருக்கிறது, பட்டயம் இருக்கிறது. மகிழ்கிறோம்!

சேலைக்குப் பதிவு இருக்கிறது. ஆற்றுக்கு?

ஆரணியைத் தொட்டுக்கொண்டு ஓர் ஆறு போகிறது. கமண்டல நாகநதி என்று பெயர். சவ்வாது மலையின் மழைதான் அதன் தாய். படவேட்டுக்கு அருகே செண்பகத்தோப்பு அணையிலே கொஞ்சம் தங்குகிறது. ஆரணியைக் கண்டபின் சேயாற்றோடு சேர்கிறது. சேயாறு திருமுக்கூடலிலே பாலாற்றை அணைகிறது. ஆண்டிலே பல மாதம் மணலாகக் கிடக்கும். மழை பொழிந்தால் மார்தட்டிக்கொண்டு ஓடும். அந்த நீரிலும், அந்த நீரால் நிறையும் ஏரிகளிலும் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன? பத்தாண்டுக்கு முன்பு இருந்து இன்று இல்லாமற்போனது எது? புதிதாய்ப் புகுந்து பழையதை விழுங்கிக்கொண்டிருப்பது எது?

ஊர்ப் பெரியவரைக் கேட்டால், "அந்தக் காலத்திலே விரால் இருந்தது தம்பி, அயிரை இருந்தது, ஆரால் இருந்தது" என்பார். அலுவலரைக் கேட்டால், "கோப்பைப் பார்த்துச் சொல்கிறோம் ஐயா" என்பார். பெரியவரின் நினைவு அவரோடு போய்விடும். கோப்போ, எவராவது எழுதினாலன்றி எதையும் சொல்லாது.

அப்படியானால் யாரைத்தான் கேட்பது? அந்த நீரையே கேட்கலாம் என்கிறது இன்றைய விஞ்ஞானம்! குடம் குடமாய் வேண்டாம்; ஒன்றிரண்டு லிட்டர் போதும். அந்த நீரிலே உதிர்ந்து கிடக்கும் டி.என்.ஏ. துணுக்குகளைப் படித்து, அங்கே வாழும் உயிர்களின் பட்டியலைத் தந்துவிடுகிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். அந்த முறையைத் தமிழ்நாட்டின் ஆறுகளுக்கு, அதிலும் முதற்கண் சாயம் தோய்க்கும் ஊர்களின் ஆறுகளுக்குக் கொண்டுவர வேண்டும். அதன் முடிவை அலமாரியிலே பூட்டாமல் ஊரார் கண்முன்னே வைக்க வேண்டும். இதுவே நமது கோரிக்கை.

அட்டையைக் கண்டால் சேலை தெரியும்

டி.என்.ஏ. என்றவுடனே, "அது படித்தவர்கள் சமாச்சாரம், தறிக்குழியிலே காலை விட்டு உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன புரியும்?" என்று உதட்டைப் பிதுக்குவோர் உண்டு. நாம் சொல்லுகிறோம், தறிக்காரனுக்குத்தான் அது முதலிலே புரியும்! எப்படி என்கிறீர்களா?

தறியின் தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கிறது. துளையிட்ட அட்டைகள் ஒன்றோடொன்று கோத்துத் தொங்குகின்றன. எந்த இழை எழும்ப வேண்டும், எந்த இழை தாழ வேண்டும் என்று ஆணையிடுவது அந்தத் துளைதான். மயில் வேண்டுமா? அதற்கொரு வரிசை. மாங்காய் வேண்டுமா? அதற்கு வேறொரு வரிசை. அட்டையை மாற்றினால் கரை மாறும், முந்தானை மாறும். சேலையையே பார்க்காவிட்டாலும், அட்டைக் கோவையைப் பார்த்து, "இது இன்ன உருவம்" என்று சொல்லிவிட முடியும்.

உயிர்களுக்கும் அப்படியோர் அட்டைக் கோவை இருக்கிறது. அதுதான் டி.என்.ஏ. நான்கே எழுத்துக்கள், அந்த நான்கும் மாறி மாறி வருகின்ற வரிசையிலேதான் விரால் விராலாகிறது, தவளை தவளையாகிறது, நாணல் நாணலாகிறது. மீன் நீந்தும்போது சளியும் செதிலும் உதிர்கின்றன. தவளை தோலுரிக்கிறது. கொக்கு எச்சமிடுகிறது. தண்ணீர் குடிக்க வந்த விலங்கின் எச்சில் கலக்கிறது. இப்படி அந்தந்த உயிரின் அட்டைத் துண்டுகள் நீரிலே மிதந்துகொண்டிருக்கின்றன. சூழல் டி.என்.ஏ. என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

செய்முறையும் மந்திரமன்று. அள்ளிய நீரை நுண்துளை வடித்தாள் ஒன்றின் வழியே இறக்குகிறார்கள். ஒரு மில்லிமீட்டரை 2,000 பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே அந்தத் துளையின் அகலம்! தாளிலே தங்கியதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரிக்கிறார்கள். 2020ஆம் ஆண்டுக் கொரோனாக் கொடுமையின்போது ஊரெல்லாம் உச்சரித்தோமே பி.சி.ஆர். என்று, அதே முறையால் அந்தத் துணுக்கைப் பல இலட்சம் படிகளாகப் பெருக்குகிறார்கள். பிறகு எழுத்து வரிசையை இயந்திரத்தால் படித்து, முன்பே தொகுத்து வைத்துள்ள பட்டியலோடு ஒத்துப் பார்க்கிறார்கள். வலை வீச வேண்டாம்; ஒரு மீனையும் கொல்ல வேண்டாம்; கண்ணுக்கு அகப்படாமல் சேற்றுக்குள் பதுங்கும் உயிரும் தப்பாது.

ஒரு சிறு மரபணுத் துண்டைக் கொண்டே உயிரினத்தை அடையாளம் காணலாம் என்ற கருத்தை 2003ஆம் ஆண்டிலே முன்வைத்தவர் கனடா நாட்டுக் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட். கடையிலே பொருளின் மேல் கறுப்புக் கோடு அச்சிட்டிருக்கிறார்களே, அதுபோல உயிருக்கும் ஒரு கோட்டுக் குறி என்றார். அவரும் துணைவர்களும் அதை எதைக்கொண்டு சோதித்துக் காட்டினார்கள் தெரியுமா? அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி குலத்தைச் சேர்ந்த 200 வகைகளைக் கொண்டு! நமது பட்டுப்பூச்சி பிறந்த அதே குலம்.

பட்டுப்புழு படிப்பித்த பாடம்

பட்டுத் தொழிலுக்கும் இத்தகைய சோதனைக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே பிரெஞ்சு நாட்டின் பட்டுத் தொழிலைப் பெப்ரைன் என்னும் நோய் சூறையாடிற்று. புழுக்கள் கரும்புள்ளி கண்டு மடிந்தன. குடியானவர் குடும்பங்கள் தெருவிலே நின்றன. 1865இலே அங்கே அனுப்பப்பட்டவர் லூயி பாஸ்டர். பட்டுப்புழுவைப் பற்றி முன்பின் ஆராய்ந்தவரல்லர். ஆனால் ஐந்தாண்டு உழைத்து, அவர் வகுத்துக் கொடுத்த வழி மிக எளியது. முட்டையிட்ட தாய்ப்பூச்சியை நசுக்கி, நுண்ணோக்கியிலே பார். நோய்த்துகள் தென்பட்டால் அந்த முட்டைகளை அழித்துவிடு. தென்படாவிட்டால் வளர்.

அந்தச் சோதனை இன்றும் பட்டுப்புழு முட்டை உற்பத்தி நிலையங்களிலே நடக்கிறது. நோயற்ற முட்டை என்று சான்று தரப்படுவது அதனால்தான். புழுக்கள் செத்த பிறகு கூடி ஒப்பாரி வைப்பதில்லை, முட்டையிலேயே சோதித்துவிடுகிறார்கள். ஆரணித் தறியிலே ஏறும் ஒவ்வோர் இழைக்குப் பின்னாலும் இந்த முன்யோசனை இருக்கிறது.

புழுவுக்குக் காட்டும் இந்த முன்யோசனையை ஆற்றுக்குக் காட்டலாகாதா? ஆறு செத்த பிறகு ஆணையம் அமைப்பதும், அறிக்கை எழுதுவதும், வழக்காடுவதும்தான் நமக்குத் தெரிந்த வழியா?

நாடுகள் கண்ட பயன்

இது கனவுக் கதை என்று எவரும் கருதிவிட வேண்டாம். 2008ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டுக் குட்டைகளிலே, அமெரிக்காவிலிருந்து வந்து புகுந்த காளைத்தவளை இருக்கிறதா என்பதை, தவளையைப் பிடிக்காமல் தண்ணீரை மட்டுமே சோதித்துக் கண்டுபிடித்தார்கள். இங்கிலாந்திலே சட்டத்தின் பாதுகாப்புப் பெற்ற ஒருவகை நீர்ப்பல்லி உண்டு. குட்டையிலே அது இருந்தால், அதற்கு வழி செய்யாமல் பக்கத்திலே கட்டடம் எழுப்ப முடியாது. 2014 முதல் அங்கே, அது இருக்கிறதா என்பதற்கு நீரின் டி.என்.ஏ. சோதனையையே அரசு நிறுவனம் ஏற்றுக்கொள்கிறது. அதாவது, ஆய்வுக்கூடத்து விந்தை அரசாங்க அலுவலின் அங்கமாகிவிட்டது.

ஸ்காட்லாந்திலே நெஸ் என்றொரு பெரிய ஏரி. அதிலே பூதாகரமான விலங்கொன்று வாழ்கிறது என்று பல்லாண்டாகக் கதை. நியூசிலாந்து விஞ்ஞானி நீல் கெம்மல் 2018இலே அந்த ஏரியின் பல இடங்களிலும் பல ஆழங்களிலும் நீர் எடுத்தார். 2019இலே முடிவைச் சொன்னார். பழங்காலப் பெரும் பல்லியின் சுவடு எதுவும் கிடைக்கவில்லை. விலாங்கு மீனின் டி.என்.ஏ.தான் எங்கும் கிடைத்தது. கட்டுக்கதை கலைந்தது. கட்டுக்கதையைக் கலைக்கும் கருவி கண்ணெதிரே இருக்க, நம் ஆறுகளைப் பற்றி நாம் கட்டுக்கதையாலேயே காலங்கழிப்பதா? "ஆறு நன்றாகத்தான் இருக்கிறது" என்று ஒரு சாரார். "ஆறே செத்துப்போயிற்று" என்று மற்றொரு சாரார். இரண்டுக்கும் ஆதாரம் என்ன?

வெளிநாடு எதற்கு? ஒடிசாவின் சிலிகா ஏரியைப் பாருங்கள். ஐதராபாத்திலுள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் விஞ்ஞானிகள், பல இடங்களில், பல பருவங்களில் அந்த ஏரியின் நீரை எடுத்து, ஆயிரம் கோடிக்கு மேற்பட்ட டி.என்.ஏ. வரிசைகளைப் படித்தார்கள். நுண்ணுயிரிலிருந்து மீன், பறவை வரை ஒரே சோதனையில் கணக்கெடுக்கும் முறை ஒன்றை வகுத்து 2024ஆம் ஆண்டிலே அறிவித்தார்கள். ஆகவே, இதைச் செய்யத் தெரிந்த மூளை நம் நாட்டிலேயே இருக்கிறது. நமது வண்டலூரிலும், வனத்துறையின் உயர்நிலை வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனம், வனவிலங்குக் குற்றங்களைத் துப்பறிய டி.என்.ஏ. சோதனையைப் பயன்படுத்துகிறது. வேட்டையாடப்பட்ட விலங்குக்காகச் சாட்சி சொல்லும் டி.என்.ஏ., வேட்டையாடப்படும் ஆற்றுக்காகவும் சாட்சி சொல்லட்டுமே!

நொய்யல் சொல்லும் செய்தி

"என்ன அண்ணே, நெய்தவனுக்கே கூலி கட்டவில்லை, தவளைக்குக் கணக்கெடுக்கக் கிளம்பிவிட்டீர்களே!" என்று கேட்கும் தோழர்களும் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. கூலிக்காகத்தான் பேசுகிறோம்!

கச்சாப் பட்டை அப்படியே தறியிலே ஏற்ற முடியாது என்பது ஆரணிக் குழந்தைக்கும் தெரியும். அதன் மேல் செரிசின் என்னும் பசை படிந்திருக்கிறது. எடையிலே நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு வரை அதுதான். சோப்பும் சோடாவும் இட்ட கொதிநீரிலே அந்தப் பசையைப் போக்க வேண்டும். அதன் பிறகு சாயம். அதன் பிறகு அலசல். ஒவ்வொரு படியிலும் தண்ணீர், தண்ணீர், தண்ணீர்! நல்ல நீர் உள்ளே போகிறது. பசையும் சோப்பும் சாயமும் கலந்த நீர் வெளியே வருகிறது. சுத்திகரிக்காமல் விட்டால் பசை அழுகி நீரிலுள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும். சாயம் வெயிலை மறைத்து, நீர்ப்பாசியின் வாழ்வைக் கெடுக்கும். பாசி போனால் பூச்சி போகும். பூச்சி போனால் மீன் போகும். கடைசியிலே கிணற்று நீரிலும் உப்பேறும். உப்பேறிய நீரிலே பட்டுக்குச் சாயம் சீராகப் பிடிக்குமா? பிடிக்காது! ஆற்றுக்கு வந்த கேடு சுற்றி வந்து தறியின் மேலேயே விழும்.

நொய்யலைப் பாருங்கள். திருப்பூரின் பனியன் உலகெல்லாம் போயிற்று; பனியனுக்கு இட்ட சாயத்தின் கழிவு ஆற்றிலே போயிற்று. பாசனத்துக்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. உழவர்கள் முறையிட்டார்கள், மன்றாடினார்கள், வழக்காடினார்கள். முடிவிலே 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே மூச்சிலே மூடப்பட்டன. அங்கே வேலை செய்த பாட்டாளி என்ன ஆனான்? ஆற்றைக் கெடுக்கச் சொன்னவன் அவனா? இலாபம் அடைந்தவன் அவனா? இல்லை. ஆனால் அடுப்பு அணைந்தது அவன் வீட்டிலேதான்!

பாலாற்றைப் பாருங்கள். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவைப் பற்றி வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கிலே, 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கிற்று. முன்னெச்சரிக்கை கொள்ள வேண்டும், கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று முழங்கியது அந்தத் தீர்ப்பு. ஆனால், 28 ஆண்டுக்குப் பின்னர், 2025 ஜனவரி 30ஆம் நாள், அதே பாலாற்றுக் கழிவைப் பற்றி அதே நீதிமன்றம் மீண்டும் தீர்ப்புக் கூற வேண்டியிருந்தது! கெடுத்தவன் தர வேண்டும் என்பது ஏட்டிலே ஏறிற்று. முன்னெச்சரிக்கை மட்டும் ஏட்டிலேயே நின்றுவிட்டது.

ஆரணி திருப்பூராகிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. ஆகிவிடக் கூடாது என்று சொல்கிறோம். அதற்கு, நோய் முற்றுமுன் நாடி பார்க்க வேண்டும் என்று சொல்கிறோம்.

"மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கிறதே, நீரை எடுத்துச் சோதிக்கிறார்களே" என்பர். இருக்கிறது, சோதிக்கட்டும். அமிலமா காரமா, உப்பு எவ்வளவு, பிராணவாயுத் தேவை எவ்வளவு என்று அளப்பது அவசியம்தான். ஆனால் குப்பியிலே நீர் எடுத்த அந்த நாழிகையின் நிலைமையைத்தான் அது சொல்லும். நள்ளிரவிலே ஒரு தொட்டி திறக்கப்பட்டு, விடியுமுன் கழிவு கடந்து போய்விட்டால், காலையில் வரும் குப்பிக்கு என்ன தெரியும்? ஆற்றிலேயே குடியிருக்கும் உயிருக்குத் தெரியும்! ஓடைக் கல்லின் அடியிலே வாழ்ந்து, சிறகு முளைத்துச் சில நாளிலே மடிந்துபோகும் பூச்சியினம் உண்டு. நீர் கெட்டால் முதலில் மறைவது அதன் குஞ்சுப்புழுதான். சேற்றிலே நெளியும் சிவப்புப் புழுவோ நீர் கெடக் கெடப் பெருகும். முன்னது குறைந்து பின்னது மிகுகிறதா என்பதை நீரின் டி.என்.ஏ. காட்டிவிடும். குப்பி சொல்லாததைப் பூச்சி சொல்லும்.

அளவறிந்து பயன்படுத்துக

இந்த முறை எல்லா நோய்க்கும் மருந்து என்று நாம் பறைசாற்றவில்லை. அதற்கும் எல்லை உண்டு. அறிந்து கையாள வேண்டும்.

ஒன்று, டி.என்.ஏ. எந்த உயிர் என்று சொல்லும். எத்தனை உயிர் என்பதைத் திட்டமாகச் சொல்லாது. உயிரோடிருந்ததா, செத்து மிதந்ததா என்றும் சொல்லாது. இரண்டு, நீரோடு அது அடித்துச் செல்லப்படும். சந்தையிலே மத்தி மீன் கழுவிய நீர் வாய்க்கால் வழியே ஆற்றை அடைந்தால், கமண்டல நாகநதியிலே கடல்மீன் வாழ்வதாகக் கருவி காட்டும்! கருவி பொய் சொல்லவில்லை. ஊரை அறியாதவன் அதைப் படித்தால் பொய்யாகிவிடும். ஆகையால் எங்கே சந்தை, எங்கே வாய்க்கால், எங்கே மடை என்று அறிந்த உள்ளூர்வாசி பக்கத்திலே இருந்தாக வேண்டும்.

மூன்று, ஒத்துப் பார்க்கும் பட்டியல் நிறைவாக இருக்க வேண்டும். நம் ஏரியின் ஒரு மீனுக்குப் பட்டியலிலே இடமில்லையென்றால், அதன் டி.என்.ஏ. கிடைத்தும் பெயர் கிடைக்காது. மேல்நாட்டுத் தவளைக்கெல்லாம் பெயர் இருக்க, நம் ஊர் உளுவைக்குப் பெயரில்லாமல் போவதா? இங்குள்ள மீனை, நத்தையை, தும்பியை முறையாக அடையாளம் கண்டு, அவற்றின் வரிசையைப் பட்டியலிலே சேர்க்கும் வேலை நடக்க வேண்டும். அந்த வேலைக்கு ஆய்வாளரின் இயந்திரம் மட்டும் போதாது. தூண்டிலும் வலையும் பிடித்துப் பழகிய கை வேண்டும். அந்தக் கைக்கு உரிய கூலியும் பெயரும் கொடுக்கப்பட வேண்டும்.

நான்காவது ஒன்று உண்டு. அது மிக முக்கியமானது. ஆற்று நீரிலே மீனின் டி.என்.ஏ. மட்டுமா இருக்கும்? குளிப்பவர், துவைப்பவர், கரையோரம் வாழ்பவர் ஆகிய மனிதரின் டி.என்.ஏ.வும் இருக்கும். வனவிலங்குக்காக எடுத்த நீரிலும் மணலிலும் மனித டி.என்.ஏ. தெளிவாகப் படிக்கக்கூடிய அளவுக்குக் கிடைக்கிறது என்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2023ஆம் ஆண்டிலே எச்சரித்தார்கள். இந்திய நாட்டிலோ, டி.என்.ஏ. பயன்பாட்டை முறைப்படுத்த 2019இலே கொண்டுவரப்பட்ட மசோதா 2023இலே திரும்பப் பெறப்பட்டது. பிறப்பை வைத்து மனிதனை மேல் கீழ் என்று பிரித்த நாடு இது. ஆற்றங்கரைச் சேரியின் நீரை அள்ளிக்கொண்டு போய், "இவர்கள் யார், எந்த வமிசம்" என்று எவரும் ஆராயப் புறப்படலாகாது. மனித வரிசை கிடைத்தால் அப்போதே அழிக்கப்பட வேண்டும், சேமிக்கப்படக் கூடாது, பிறருக்குத் தரப்படக் கூடாது. இதை எழுத்திலே எழுதி, கையெழுத்திட்ட பிறகுதான் முதல் குப்பி நீர் அள்ளப்பட வேண்டும்.

எவர் தலையில் சுமை?

இன்னொன்றையும் இப்போதே சொல்லி வைப்போம். சோதனை நடந்து, நீர் கெடுகிறது என்று தெரிந்தால், அதிகாரத்தின் கை முதலிலே எங்கே நீளும்? கொல்லைப்புறத்திலே இரண்டு அண்டா வைத்துச் சாயம் போடும் ஏழையின் பக்கமே நீளும்! அவன் அண்டாவைக் கவிழ்ப்பது எளிது. படம் எடுத்துப் போடவும் வசதி. நடவடிக்கை எடுத்துவிட்டோம் என்று அறிக்கையும் விடலாம்.

கெடுத்தவன் தர வேண்டும் என்பது சரியான கோட்பாடு. ஆனால் கெடுத்தவன் யார்? பிறர் கொடுத்த நூலுக்குப் பிறர் கேட்ட நிறத்தைப் போட்டுக் கூலி வாங்குகிறவனா? அந்தச் சேலையை விற்று இலாபம் காண்கிறவரும் அதிலே பங்காளி அல்லவா? பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதற்கும் நடத்துவதற்கும் ஆகும் செலவிலே, விற்பவர் பங்கு பெரிது, அரசின் பங்கு அடுத்தது, அண்டா வைத்திருப்பவன் பங்கு மிகச் சிறிது என்று வகுக்க வேண்டும். ஆற்றைக் காக்கிறோம் என்ற பெயரிலே நெசவாளியின் வயிற்றிலே அடித்தால், நாளை அவனே ஆற்றுக்குப் பகையாவான். ஆற்றுக்கும் தறிக்கும் பகை மூட்டிவிட்டு நடுவிலே தப்பித்துக்கொள்ள எவரையும் அனுமதிக்கலாகாது.

ஏட்டிலே எழுதுங்கள், ஊரிலே ஒட்டுங்கள்

இவற்றைச் செய்யப் புதுச் சட்டம் வேண்டுமா? வேண்டாம்! 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம் இருக்கிறது. ஒவ்வோர் ஊராட்சியும், ஒவ்வொரு நகராட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு ஒன்றை அமைக்க வேண்டும் என்கிறது அது. அந்தக் குழு மக்களைக் கலந்து, தன் எல்லையிலுள்ள செடி, கொடி, மீன், பறவை ஆகியவற்றை மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டிலே எழுத வேண்டும். அசட்டையாக இருந்த மாநிலங்களைத் தட்டி எழுப்ப, 2020 ஜனவரி 31க்குள் முடிக்காவிட்டால் மாதம் 10 இலட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இலே எச்சரிக்கவும் செய்தது.

அபராதத்துக்கு அஞ்சி எழுதும் ஏடு எப்படி இருக்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. பக்கத்து ஊர் ஏட்டைப் பார்த்து இந்த ஊர் ஏட்டை எழுதினால், அதற்குப் பெயர் பதிவேடா? உயிருள்ள ஏடு வேண்டும்; ஆண்டுதோறும் வளரும் ஏடு வேண்டும். அந்த ஏட்டுக்கு மெய்யான சான்றைத் தருவதுதான் டி.என்.ஏ. சோதனை.

எனவே நாம் கேட்பவை இவை. அணைக்கு அருகே ஓரிடம், ஊருக்கு முன்னே ஓரிடம், ஊருக்குப் பின்னே ஓரிடம் என்று ஆற்றிலே மூன்று இடங்களைக் குறியுங்கள். அவற்றோடு ஊரின் ஏரிகளையும் சேருங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஒருமுறை, கோடையிலே நீர் வற்றுமுன் ஒருமுறை நீரை எடுங்கள். மேலே இருக்கும் உயிர் கீழே இல்லையென்றால், இடையிலே நடப்பது என்ன என்று ஆராயுங்கள். வெளியிலிருந்து புகுந்த மீன்களையும் தேடுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க 2000ஆம் ஆண்டிலேயே மத்திய சர்க்கார் தடை விதித்திருக்க, அது நம் ஏரியிலே புகுந்திருக்கிறதா என்று ஊர் அறிய வேண்டாமா? நீர் எடுக்கும் வேலைக்கு உள்ளூர் இளைஞர்களையும் மாணவர்களையும் பழக்குங்கள். ஒவ்வோர் ஊரும் ஓர் ஆய்வுக்கூடம் வைக்க முடியாது. இயந்திரமும் மருந்தும் விலை மிகுந்தவை. பல மாவட்டங்களுக்கு ஒன்றாக ஓர் அரசு ஆய்வுக்கூடம் போதும்.

முடிவு வந்ததும் நல்ல தமிழிலே, யாருக்கும் புரியும்படி எழுதுங்கள். நகராட்சிச் சுவரிலே ஒட்டுங்கள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலே ஒட்டுங்கள். பேருந்து நிலையத்திலே ஒட்டுங்கள். "சென்ற ஆண்டு இத்தனை வகை மீன், இந்த ஆண்டு இத்தனை வகை" என்று தேநீர்க் கடையிலே பேச்சு நடக்கட்டும். அந்தப் பேச்சை எந்த அதிகாரியாலும் அலமாரியிலே வைத்துப் பூட்ட முடியாது.

ஊர்ப் பெரியவர் சொல்லும் விராலும் அயிரையும் அங்கே இருக்கின்றனவா, இல்லையா? இருந்தால் காப்போம், இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்போம். முதலில் தெரிந்துகொள்வோம்! வரும் பருவமழைக்குக் கமண்டல நாகநதியிலே நீர் வரும். அப்போது கரையிலே ஒரு குப்பியோடு நிற்க நகராட்சி ஆயத்தமாக இருக்கிறதா என்பதே கேள்வி. நகராட்சி மன்றத்தின் அடுத்த கூட்டத்திலேயே ஆரணி மக்கள் இந்தக் கேள்வியை எழுப்ப வேண்டும். பதில் வரும்வரை எழுப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.